முன்பணம் கொடுக்கும் முன் கலுங்கு மட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: கள்ளிக்குடிப் பக்கம் எங்கள் கிராமம். ஊருக்குள் இடமே இல்லை, ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பம்கூட இருக்கிறது. 45 குடும்பம் சேர்ந்து நான்கு வருஷமாகச் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்திருக்கிறோம். எல்லாச் சமூகத்து ஆட்களும் இருக்கிறோம். 3 ஏக்கர் வாங்கி, ஆளுக்கொரு மனையாகப் பிரித்து வீடு கட்ட வேண்டும். மூன்று இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று, ஊரை ஒட்டிக் கண்மாய்ப் பக்கம், தார் ரோட்டு மேலேயே இருக்கிறது, புஞ்சைப் பட்டா, வில்லங்கம் எதுவும் இல்லை, விலையும் குறைவு. அடுத்தது நான்கு வழிச்சாலை ஓரம் கரிசல் காடு, ஊரிலிருந்து 3 கிலோமீட்டர். எய்ம்ஸ் வருகிறது, விலை ஏறும் என்கிறார் புரோக்கர். இன்னொன்று மேற்கே செவக்காட்டு மேடு, ஒன்றேகால் கிலோமீட்டர், ரோடும் இல்லை, தண்ணீரும் இல்லை, வண்டிப்பாதை மட்டும்தான். இளவட்டங்கள் ரோட்டோரம் வேண்டும் என்கிறார்கள், வீட்டுப் பெண்கள் கண்மாய்ப் பக்கமே போதும் என்கிறார்கள். ஆவணிக் கடைசியில் முன்பணம் கொடுத்தாக வேண்டும். எதை எடுப்பது சார்? வாஸ்துவும் பார்க்க வேண்டுமா?

அன்புள்ள தம்பிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்மாய்ப் பக்கத்து இடம் வேண்டாம். கரிசல் காடும் வேண்டாம். செவக்காட்டு மேட்டைத்தான் எடுக்கச் சொல்வேன், ஆனால் பாதையும் தண்ணீரும் உறுதியான பிறகு. அதுவரை பெரிய தொகை எதையும் கையை விட்டு இறக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த முதல் இடம்தான். ஊருக்குள் காலை நீட்ட இடமில்லை என்கிறீர்கள், ஆனால் ஊரை ஒட்டியே, தார் ரோட்டு மேலேயே 3 ஏக்கர் இத்தனை தலைமுறையாக ஒரு குடிசைகூட இல்லாமல் கிடக்கிறது. உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் ஏன் அங்கே போய் ஒரு கொட்டகைகூடப் போடவில்லை என்று யாரிடமாவது கேட்டீர்களா? ஊரில் எண்பது வயதைத் தாண்டிய யாராவது ஒருவரைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப்போய், "கண்மாய் நிறைஞ்ச வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டும் இடம் எந்த வரைபடத்தையும்விட எனக்கு முக்கியம்.

புஞ்சை என்று எழுதியிருப்பதால் கரைக்குக் கீழே பாசனப் பக்கம் இருக்காது, உள்வாயை, அதாவது கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் பக்கத்தை, ஒட்டிய நிலம் என்று எடுத்துக்கொள்கிறேன். பட்டா சரியாக இருக்கிறது என்றால் நிலம் யாருடையது என்பது தெரியும், அவ்வளவுதான். தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைப் பட்டா சொல்லாது. உங்கள் பக்கத்துக் கண்மாய்கள் வானம் பார்த்தவை, பெரியாறு கால்வாய்த் தண்ணீர் அங்கே வருவதில்லை, அதனால் ஐந்தாறு வருஷம் தொடர்ந்து நிறையாமலே போகலாம். அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட நிலங்கள் விலைக்கு வரும். நிறையும் வருஷம் வரும்போது உள்ளே 45 வீடு நிற்கும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். கண்மாயின் கலுங்குக்கு, அதாவது நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கட்டுக்கு, போங்கள். கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும், நல்ல மழை வருஷத்தில் அந்தக் கல் சந்துகளில் புல்கரணையும் மண்ணும் வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்குவார்கள். அதனால் கலுங்குத் தளத்தை எடுக்காமல் குத்துக்கல்லின் தலையைத்தான் மட்டமாக எடுக்க வேண்டும். உங்கள் ஊர்க் கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், வெள்ளை டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பது. குத்துக்கல் தலையிலிருந்து ஆரம்பித்து, நூறு அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, ஒவ்வொரு குச்சியிலும் மட்டத்தை ஏற்றிக் குறித்துக்கொண்டே நீங்கள் வாங்க நினைக்கும் நிலம் வரை போங்கள். தூரம் அதிகம் என்றால் ஒரு சர்வேயரை ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியோடு அரை நாள் கூப்பிடுங்கள், 45 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு டீச் செலவுதான் வரும். மனைத் தரை அந்தக் குத்துக்கல் தலையைவிடத் தாழ்ந்திருந்தால் அது கண்மாய்தான், பட்டா யார் பெயரில் இருந்தாலும் சரி. வீடு கட்ட வேண்டுமென்றால் மனைத் தரையே அந்த மட்டத்துக்கு மேல் குறைந்தது நான்கடி இருக்க வேண்டும் என்று கேட்பேன், ஏனென்றால் அடைமழையில் வரத்து மொத்தமாக வரும்போது கலுங்குக்கு மேலும் இரண்டு மூன்றடி தண்ணீர் ஏறித்தான் மறுகால் பாயும்.

நிலத்திலேயும் சில அடையாளம் இருக்கும். ஓரத்தில் பனை நின்றால் அதன் அடியைப் பாருங்கள், வண்டல் ஒட்டிக் காய்ந்த கோடு தெரிகிறதா என்று. கோரை முளைத்திருக்கிறதா பாருங்கள். பக்கத்து மோட்டார் ரூம் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்து காரை உதிர்ந்திருந்தால் அந்த மண்ணில் ஈரம் நிற்கிறது என்று பொருள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலனிக்கு மனை அளந்து கொடுத்த குழுவில் நானும் இருந்தேன். நாங்கள் போனது வைகாசியில். தரை பலகை மாதிரி சமமாக இருந்தது, கல்லும் இல்லை, முள்ளும் இல்லை, இரண்டே நாளில் அளந்து முடித்தோம், நல்ல இடம் என்று சந்தோஷமாகத் திரும்பினோம். அடுத்த வருஷம் கார்த்திகையில் கூப்பிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்து போனால், ஒரு பாட்டி ரேஷன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார், இறக்கி வைக்க உலர்ந்த இடமே அந்த வீட்டில் இல்லை. என்னைப் பார்த்து, "இது தண்ணி படுக்குற எடம் தம்பி, இங்க கொண்டாந்து எங்களப் படுக்க வச்சுட்டீக" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அந்தத் தரை அவ்வளவு சமமாக இருந்ததே தண்ணீர் வருஷக்கணக்கில் வந்து நின்று வண்டலைப் பரப்பியதால்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் பார்க்காத எந்த இடத்துக்கும் நான் சரி என்று சொன்னதில்லை.

கிராமத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 25-இல் மதுரையில் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள், செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, செல்லூர், நரிமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். மாநகராட்சி, மோட்டார், ஜேசிபி எல்லாம் இருக்கிற ஊரிலேயே இந்தப் பாடு. உங்கள் ஊருக்கு யார் வருவார்கள்?

இன்னொன்று, கண்மாயின் ஒரு மூலை வருவாய்ப் பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்காக இருந்து, உங்கள் மனைகளில் நாலு அதற்குள் போய்விட்டால், 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அந்த நாலு வீட்டையும் இடிக்க நோட்டீஸ் வரும். கடன் வாங்கிக் கட்டிய வீடாக இருக்கும் அது.

சரி, கரிசல் காட்டுக்கு வருவோம். புரோக்கர் சொன்ன எய்ம்ஸ் கதையை முதலில் ஒதுக்கி வையுங்கள். 2019 ஜனவரியில் தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள், அன்றிலிருந்து திருமங்கலம் வட்டாரத்தில் எந்தக் காட்டை விற்றாலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் விற்பதில்லை. விலை ஏறினால் லாபம் விற்பவனுக்கு. நீங்கள் குடியிருக்கப் போகிறவர்கள், உங்களுக்கு மண்தான் முக்கியம். கரிசலை நான் குறை சொல்லவில்லை, பருத்திக்கும் சோளத்துக்கும் உளுந்துக்கும் அதைப் போல் மண் கிடையாது. ஆனால் சித்திரையில் அந்தக் காட்டுக்குள் போய் ஒரு வெடிப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள், மணிக்கட்டு வரை போகும். ஐப்பசி மழையில் அதே மண் ஊறி உப்பி, மேலே இருப்பதைத் தூக்கும். வருஷா வருஷம் இப்படி ஏறி இறங்கினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடத்தான் செய்யும், பூசப் பூசத் திரும்ப வரும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரக் குழி தோண்டி, கிராவல் நிரப்பி, சுவருக்கு அடியில் பிளிந்த் பீம் என்ற கான்கிரீட் உத்தரம் போட வேண்டும், இல்லையென்றால் அடி பருத்த கான்கிரீட் தூண்கள் இறக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை, பணம்தான். உங்களில் குடிசையில் இருப்பவர்கள் சிலர் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை நம்பியிருப்பீர்கள், அதில் கிடைப்பது 3.5 லட்சம், கட்ட வேண்டியது 360 சதுர அடி. அந்தப் பணத்தில் ஒரு நல்ல பங்கு மண்ணுக்குள்ளேயே போய்விட்டால் சுவர் எழுப்ப என்ன மிச்சம் இருக்கும்?

கக்கூஸ் விஷயமும் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் இரட்டை உறிஞ்சு குழிதான் மலிவானது, பராமரிக்கவும் சுலபம். செம்மண்ணில் அது நன்றாக வேலை செய்யும். கரிசல் ஈரமானால் தண்ணீரை உறிஞ்சாது, மழைக்காலத்தில் குழி நிரம்பி வழியும், பிறகு 45 வீட்டுக்காரர்களும் மாசத்துக்கு ஒருமுறை லாரிக்குப் போன் போட வேண்டியதுதான். இதோடு 3 கிலோமீட்டர் தூரம், நான்கு வழிச்சாலையைக் கடக்கும் பிள்ளைகள், ஆடு மாடு. இளவட்டங்களுக்கு வண்டி இருக்கிறது, அவர்கள் அப்பா அம்மாவுக்கு இல்லை.

மேட்டை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே இருக்கும் குறைகள் மனுஷனால் தீர்க்கக்கூடியவை. ரோடு போடலாம், குழாய் இழுக்கலாம். தாழ்ந்த நிலத்தை உயர்த்த 3 ஏக்கருக்கும் மண் அடிக்க உங்களால் ஆகாது. கீழடியில் 2015-இல் தோண்ட ஆரம்பித்த இடத்தின் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். வைகை பக்கத்திலேயே இருந்தும் குடியிருக்கத் திடலைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் பாதை. இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "வண்டிப்பாதை இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது புல வரைபடத்தில், அதாவது அரசு சர்வே வரைபடத்தில், இருக்கிறதா, வெறும் தடமாக இருக்கிறதா? தாலுகா அலுவலகத்தில் அந்தப் புலத்துக்கும், ஊரிலிருந்து மேடு வரை இடையில் வரும் எல்லாப் புலங்களுக்கும் வரைபட நகலும், நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று சொல்லும் அ-பதிவேட்டு நகலும் வாங்குங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருந்தால் பயமில்லை, ஊராட்சியே அதில் ரோடு போடலாம். இல்லாமல் நாலு பேர் பட்டா நிலத்தின் வரப்பு வழியாகத்தான் அந்தத் தடம் போகிறது என்றால், இன்றைக்கு வழி விடுகிறவர் நாளைக்குப் பங்காளிச் சண்டையில் முள்ளை வெட்டிப் போடுவார். அப்படியானால் 23 அடி அகலத்துக்குப் பாதை நிலத்தையும் சேர்த்துக் கிரயம் வாங்குங்கள், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மேட்டின் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டும். நடுவில் ஓடை குறுக்கிட்டால் அங்கே ஒரு தாம்போதியாவது, அதாவது தரைப்பாலமாவது, வேண்டும், மழை நாளில் பிரசவ வலி வந்தால் ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிடக் கூடாது. மயானத்துக்குப் போகும் பாதை எந்த வழி என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். இதைப் பேசச் சங்கடப்பட்டுத் தள்ளிப்போட்டால், முதல் சாவு விழுந்த அன்று நடுத்தெருவில் நின்று பேச வேண்டி வரும்.

அப்புறம் தண்ணீர். உங்கள் 45 குடும்பம் ஏறக்குறைய 200 பேர் என்று வைத்தால், ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், மொத்தம் 11,000 லிட்டர். ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இவ்வளவு கூடுதலாகத் தர முடியுமா, மேட்டுக்குத் தண்ணீர் ஏறுமா, தனித் தொட்டி வேண்டுமா என்று ஊராட்சியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிலத்துக்காரரிடம் பேசி முன்பணத்துக்கு முன்னாலேயே ஒரு சோதனை போர் போடுங்கள், அந்தச் செலவு வீணாகப் போனாலும் பரவாயில்லை. நம் பக்கம் அடியில் கெட்டிப் பாறை, வெடிப்பில் ஊறும் தண்ணீர்தான், ஓரிடத்தில் கொட்டும், முப்பதடி தள்ளினால் புழுதி பறக்கும். கிடைத்த தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். உப்பை நாக்கே சொல்லிவிடும், புளோரைடை நாக்கு சொல்லாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5-ஐத் தாண்டினால் குடிக்கக் கூடாது. தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை படியும், ரொம்ப நாள் போனால் எலும்பையும் பிடிக்கும். மதுரை மாவட்டத்தின் சில பகுதிகளில் இந்தத் தொந்தரவு இருக்கிறது, அதனால் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம். போர் தண்ணீர் குடிக்க ஆகாது என்று வந்தாலும் புழங்க வைத்துக்கொள்ளலாம், ஆனால் குடிக்கக் குழாய்த் தண்ணீர் வரும் என்ற உறுதி இல்லாமல் மேட்டையும் எடுக்காதீர்கள். உறிஞ்சு குழிகள் போரிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, சரிவில் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

பக்கத்தில் கல்குவாரி இருக்கிறதா என்றும் பாருங்கள். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் குவாரிக் குத்தகை கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே ஓடும் குவாரிக்குப் பக்கத்தில் நீங்களாகப் போய் உட்கார்ந்தால் வெடிச்சத்தமும் தூசியும் உங்களோடுதான் இருக்கும்.

பத்திரம் விஷயத்தில் வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அ-பதிவேட்டில் அந்தப் புலம் முதலில் எப்படி இருந்தது என்று பாருங்கள். மேட்டு நிலம், தரிசு என்றாலே 1892-க்குப் பிறகு பட்டியல் சாதியினருக்குக் கொடுத்த பஞ்சமி நிலமாகவோ, விற்கக் கட்டுப்பாடு உள்ள நிபந்தனைப் பட்டாவாகவோ, நிலமில்லாதவர்களுக்கென்று தானமாக வந்த பூதான நிலமாகவோ, கோயில் நிலமாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் விற்பவருக்கு உங்களுக்கு விற்கும் உரிமையே இருக்காது, யார் எத்தனை கைக்கு மாற்றி எழுதியிருந்தாலும். பஞ்சமி நிலம் என்று தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள், அது வேறொரு குடும்பத்தின் பிழைப்புக்கென்று கொடுத்த நிலம்.

"மொத்தமாக வாங்கிப் போட்டுட்டு நாமளே பிரிச்சுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து, புதிதாகப் பிரித்த மனை நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் தனித்தனியாகப் பதிவாகாது. பொதுவில் பத்திரம் போட்டுவிட்டு நின்றால் வங்கிக் கடனும் கிடைக்காது, திட்ட வீடும் கிடைக்காது. ஒப்புதலுக்கு ரோடும் பொது இடமும் விட்டு, தானமாக ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 3 ஏக்கர் என்பது 300 சென்ட், ரோட்டுக்கும் பொது இடத்துக்கும் போக 180 சென்ட் மிஞ்சினால் ஆளுக்கு 4 சென்ட். அதைக் கேட்டு சிலர் முகம் சுளிப்பார்கள், இப்போதே சொல்லி வையுங்கள். பொது இடத்தை மூலையில் கிடக்கும் கோணல் துண்டாகத் தள்ளிவிடாமல் நடுவில் வையுங்கள், அங்கன்வாடியும் நாலு வேப்ப மரமும் அங்கே வரட்டும். மேட்டுச் சரிவில் மேலிருந்து ஓடிவரும் மழைத் தண்ணீருக்கு மேல் எல்லையில் ஒரு வாய்க்கால் வெட்டி ஓடையில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாச் சமூகமும் இருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள், படிக்கும்போது மனது நிறைந்தது. மனைகளைக் குலுக்கல் போட்டுக் கொடுங்கள். சொந்தக்காரர்கள் பக்கம் பக்கம் இருக்கட்டும் என்று ஆரம்பித்தால் தெருவுக்கு ஒரு சாதியாக முடியும். உங்களுக்குப் பக்கத்தில், திருமங்கலம் தாலுகா மேலக்கோட்டையில்தான் 1998-இல் முதல் சமத்துவபுரம் 100 வீடுகளோடு திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்கள் பத்துப் பேர், அதில் பாதிப் பெண்கள், அங்கே போய்க் குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். தண்ணீருக்கு என்ன செய்தார்கள், முதல் இரண்டு வருஷம் என்ன கஷ்டம், வீட்டை எப்படி நீட்டிக் கட்டினார்கள் என்று கேளுங்கள். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது பிரயோஜனம்.

பெண்கள் கண்மாய்ப் பக்கம் கேட்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஊர் பக்கத்திலேயே இருப்பது: ரேஷன் கடை, பள்ளிக்கூடம், நூறு நாள் வேலைக்குக் கூப்பிடும் குரல் காதில் விழும் தூரம், ராத்திரி பயமில்லாமல் நடக்கிற வழி. அதனால் ஒருநாள் மத்தியானம் உச்சி வெயிலில் ஒரு சின்னப் பிள்ளையையும் ஒரு வயசான அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடந்து பாருங்கள். ஆரம்பப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு, உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுகிறது. தெருவிளக்கும் மினி பஸ்ஸும் கேட்டு இப்போதே கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், வீடு கட்டி முடித்த பிறகு கேட்டால் நாளாகும்.

வாஸ்து உங்கள் விருப்பம். நான் கேட்பதெல்லாம் தெருக்களைக் கிழமேற்காக ஓடவிடுங்கள், வீடுகள் வடக்கேயோ தெற்கேயோ பார்க்கும், மேற்கு வெயில் முன்வாசலில் நேராக அடிக்காது.

நிலத்துக்காரரிடம் ஆவணியை மார்கழியாக்கித் தரச் சொல்லுங்கள். ஒரு சின்னத் தொகையை மட்டும் கொடுத்து, போர் தண்ணீரும் பாதையும் சரியாக வந்தால்தான் கிரயம், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி அந்த ஒப்பந்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு மேடு தேடலாம். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று இடத்திலும் நடந்து பாருங்கள், முடிந்தால் இளவட்டங்களையும் கூட்டிப்போங்கள். அதற்குள் புல வரைபட நகல் கைக்கு வந்திருக்கும், அதையும் தண்ணீர் ஆய்வு முடிவையும் எனக்கு அனுப்புங்கள். தெருக்களை எப்படிப் போடலாம் என்று நானே வரைந்து தருகிறேன்.